கோழி பொரிக்கிற வரைக்கும்

அக்காவைக் கொன்றது நீங்கள்தான், தலைவரே. கரிப்புகை இல்லை. கோழிப் பைத்தியமும் இல்லை. சாவு வீட்டுக் கூடாரத்தில் காப்பி குடித்துக்கொண்டே, "குஞ்சைக் காப்பாத்தப் போயி தன்னையே போக்கிக்கிட்டாங்க, பாவம்" என்று சொன்னீர்களே, அப்போது நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். முடிந்துவிட்டது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு அக்கா யார் என்று தெரிய வேண்டும். பெயரை எழுத மாட்டேன். எங்கள் தோட்டத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோழிக்கார அக்கா, அவ்வளவுதான்.

சுங்காய் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்த தோட்டம் அது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையோடு சேர்த்து நிலத்தையே விற்றார்கள். தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி மூன்று வரிசை லயம், ஒரு கோயில், ஒரு மண்டபம். நடு லயத்தில் கடைசி வீடு அக்காவுடையது. அதற்கு முந்தையது எங்களுடையது. ஒரே சுவர். அந்தப் பக்கம் குஞ்சு கத்தினால் எங்கள் வீட்டில் கேட்கும்.

ஆள் ஒல்லி. சாரோங், அதற்கு மேல் உரக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த டீ சட்டை. எப்போதும் தவிட்டு வாசம். கை முழுக்கக் கோழி கொத்திய தழும்பு. ரப்பர் பால் வெட்டிய காலத்திலிருந்தே வலது முட்டி வலி, படியிறங்கும்போது பக்கவாட்டில் இறங்குவார். அதிகம் பேச மாட்டார். பேசினால் பாதி கோழியைப் பற்றித்தான் இருக்கும், மீதியும் கோழியைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருக்கும்.

அடை வைப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. மூங்கில் கூடையில் ஆற்று மணல். மணலில் ஒரு துருப்பிடித்த ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய். அதற்கு மேல் வைக்கோல், முட்டை, கோழி. இடிச் சத்தத்தில் முட்டை கலங்கிவிடாமல் இரும்பும் கரியும் பார்த்துக்கொள்ளுமாம்.

"இங்க தினமும் மூணு மணிக்கு இடி இடிக்குதுக்கா. ஒரு ஆணி என்னாத்த புடிக்கும்?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"புடிக்குதோ புடிக்கலையோ, நான் வெச்சேன்ல. அப்புறம் கெட்டா அது இடியோட தப்பு."

கோழி உட்கார்ந்துவிட்டால் அதன் பிறகு ஒரே சட்டம்தான். எழுப்பக் கூடாது. கூடையை நகர்த்தக் கூடாது, பக்கத்தில் பாத்திரம் உருட்டக் கூடாது, ஆள் வந்து எட்டிப் பார்க்கக் கூடாது. தினமும் ஒருமுறை அதுவாக எழுந்து வந்து தின்று, தண்ணீர் குடித்து, கழித்துவிட்டுத் திரும்பிப் போகும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அக்கா முட்டையைத் தொடுவார். டெங்கிக் கொசுவுக்குப் புகை அடிக்க ஆட்கள் வந்தபோதுகூட வாசலில் நின்றுகொண்டார். "அடையில இருக்கு. அடுத்த வீட்டுக்குப் போ." அரசாங்கச் சட்டை போட்ட ஆட்கள் திரும்பிப் போனார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு மடங்கு அடித்தார்கள்.

குஞ்சு இறங்கிய பிறகு அவர் காதால்தான் வளர்த்தார். கண்ணால் இல்லை. சோறு வடித்துக்கொண்டே தலையைச் சாய்த்துக் கேட்பார். "கத்தினா குளிருது, இல்ல பசிக்குது. சத்தம் இல்லன்னா சுகமா இருக்குன்னு அர்த்தம்." இதை நூறு தடவை கேட்டிருப்பேன். மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வார்த்தைக்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

அவரைத் தெய்வமாக்க நான் இதை எழுதவில்லை. எனக்கே அவரைப் பார்த்துப் பயமாக இருந்த நாட்கள் உண்டு. ஓட்டை உடைக்க முடியாமல் தவிக்கிற குஞ்சுக்கு உதவ மாட்டார். மூக்கு மட்டும் வெளியே தெரியும், கத்திக்கொண்டே இருக்கும். நான் நகத்தால் ஓட்டைக் கிள்ளப் போனால் கையில் அடிப்பார். "அதுவா வரணும். வராட்டி அது வராத குஞ்சு." சாயங்காலம் அது செத்துக் கிடக்கும். எடுத்து வாழைக்கு அடியில் புதைத்துவிட்டு வந்து சாப்பிட உட்காருவார்.

ஆயர் தாவாரில் இருந்த அவருடைய சொந்த அக்கா செத்த அன்று ஃபோன் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அன்று இருபத்தோராம் நாள். கூடையில் முட்டைகள் விரிசல் விட ஆரம்பித்திருந்தன. அக்கா கூடைக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, எழுந்திருக்கவில்லை.

"வாங்கக்கா, வேன் சொல்லியாச்சு. எடுக்கறதுக்குள்ள போயிரலாம்."

"நீ போ."

"உங்க கூடப் பொறந்தவங்கக்கா!"

"அவ இனிமே எந்திரிக்கப் போறதில்ல, புள்ள. இதுங்க இன்னிக்கு எந்திரிக்கும்."

போகவில்லை. இரண்டு மாதம் நான் அவரோடு பேசவில்லை. அந்த மனுஷி நெஞ்சில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. இன்றும் முழுதாகப் புரிந்ததாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே பிடிவாதம்தான் என்னைக் காப்பாற்றியது.

இருபத்திரண்டு வயதில் கோப்பெங்கில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஓடி வந்தேன். காதில் ரத்தம். எங்கள் வீட்டில் அம்மா, "இன்னிக்கு மட்டும் இரு, நாளைக்கு அனுப்பி வெச்சிர்றோம்" என்றார். நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்து உள்ளே விட்டார். கோழிக் கூடை இருந்த உள் அறையில், கூடைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பாயை விரித்தார். அந்த அறையில் அப்போது நாங்கள் இரண்டு பேர். நானும் ஒரு கறுப்புக் கோழியும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு வரும். சாயங்காலம் ஒருமுறை பின்வாசலைத் திறந்துவிடுவார். நடந்துவிட்டு வருவேன். வந்தால் கதவைச் சாத்துவார். என்ன நடந்தது, எவன் அடித்தான், இனி என்ன செய்யப் போகிறாய், ஒரு கேள்வி கிடையாது.

அவன் நான்காம் நாள் மோட்டார் சைக்கிளில் வந்தான். சுவருக்குப் பின்னால் எனக்கு எல்லாம் கேட்டது.

"எங்க அவ?"

"அடையில இருக்கு. எழுப்பக் கூடாது."

"என்னக்கா, விளையாடுறீங்களா? என் பொண்டாட்டியக் கூப்பிடுங்க."

"இருபத்தொரு நாள் கழிச்சு வா தம்பி."

லயமே வாசலுக்கு வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் ஒரு பெண்ணைத் தள்ளிவிட்டு உள்ளே வர அவனுக்குத் தைரியமில்லை. போனான். முட்டாள், நாள் எண்ணிச் சரியாகத் திரும்பி வந்தான். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார்.

"பொரிச்சிருச்சா?" என்று அவனே கேட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு.

"பொரிச்சது. நேத்துதான் மறுபடியும் வெச்சேன்லா."

அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. மூன்று லயமும் சிரித்தது. மூன்றாவது தடவை அவன் வரவில்லை. நான் ஈப்போவுக்குப் போய்க் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். இன்றுவரை என் சோற்றை நான் தின்கிறேன்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன், தலைவரே.

தோட்டம் விற்றாகிவிட்டது, டெவலப்பர் வீடு கட்டித் தருவான், அதுவரை எல்லாரும் வெளியே வாடகைக்குப் போக வேண்டும் என்று, குடியிருப்பாளர் சங்கத் தலைவராகக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டீர்கள். நீங்களும் இந்த லயத்தில் பிறந்தவர்தான். இப்போது டவுனில் மாடி வீடு. அக்கா கை தூக்கினார். அவர் கூட்டத்தில் பேசி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"தம்பி, புது வீட்டுச் சாவி கையில குடுங்க. அன்னிக்கே கோழியோட போயிர்றேன். சாவி இல்லாம இறங்க மாட்டேன். இறங்கினவங்களுக்கு அப்புறம் வீடு இல்ல, பக்கத்துத் தோட்டத்துல பாத்தோம்ல."

"சாவி வரும்க்கா. கட்ட வேணாமா? நீங்க என்ன, இந்த ஓட்ட வீட்டுல உக்காந்து என்ன பண்ணப் போறீங்க?"

"கோழி அடையில இருக்கு."

சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். பெரிய மனுஷத்தனமாக மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "சரி, அக்காவுக்காக அம்மன் முன்னாடி சொல்றேன். அவங்க கோழி பொரிக்கிற வரைக்கும் அந்த வீட்டுல எவனும் கை வைக்க மாட்டான். போதுமாக்கா?"

"போதும்" என்றார் அக்கா.

நீங்கள் மூன்று வாரத்தைக் கணக்குப் போட்டீர்கள். அவர் அம்மன் முன்னால் கொடுத்த வாக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அடைக்கோழி இல்லாத நாளே இல்லை. ஒன்று குஞ்சோடு இறங்குவதற்குள் இன்னொன்று ஏறிவிடும். கறுப்பு இறங்கினால் செவலை. செவலை இறங்கினால் சாம்பல். ஆள் அனுப்புவீர்கள், "அடையில இருக்கு" என்று கூடையைக் காட்டுவார். எட்டு மாதம். கையில் காகிதம் இல்லாத ஒரு பெண்பிள்ளை, உங்கள் வாயிலிருந்து வந்த ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு எட்டு மாதம் நின்றார்.

திருவிழாவில் யாரோ கூட்டத்திலிருந்து கத்தினான். "தலைவரே, கோழி பொரிச்சாச்சா?" அன்னதானப் பந்தியே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் முகத்தை நான் பார்த்தேன். முன்பு மோட்டார் சைக்கிளில் வந்தவனுக்கும் அதே முகம்தான்.

ஒவ்வொரு குடும்பமாகப் போனது. போனவர்கள் நாய்களை விட்டுவிட்டுப் போனார்கள். வாடகை வீட்டில் நாய்க்கு இடமில்லை. கடைசியில் மூன்று வீட்டில் மட்டும் ஆள். பத்துப் பன்னிரண்டு பசித்த நாய்கள் லயத்தைச் சுற்றித் திரிந்தன. முதலில் கறுப்பு போனது, பிறகு செவலை. சாம்பல் கோழி பதினொரு குஞ்சு இறக்கிய மறுநாள், அதையும் பின்வாசலில் வைத்துக் கிழித்துவிட்டன. குஞ்சுகள் கட்டிலுக்கு அடியில் ஓடித் தப்பித்தன. அக்கா எனக்கு ஃபோன் செய்தார்.

"புள்ள, லீவு இருந்தா வா. வர்றப்ப ஒரு பல்பு வாங்கிட்டு வா. தாய் இல்லாத குஞ்சு."

வாங்கிக்கொண்டு போனேன். கெட்டிப்பால் அட்டைப்பெட்டியில் பேப்பர் விரித்துக் குஞ்சுகளை விட்டிருந்தார். பல்பை மாட்டினோம். பளீர் என்று எரிந்தது. குஞ்சுகள் கத்துவதை நிறுத்தவில்லை. அக்கா பல்புக்குக் கீழே உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்னா பல்பு?"

"எல்இடிக்கா. இப்ப எல்லாக் கடையிலயும் இதான்."

"வெளிச்சம் மட்டும் காட்டுது, சூடு இல்ல." கையை எடுத்தார். "நம்ம தலைவர் மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்தது. மறுபடி டவுனுக்குப் போனேன். பழைய சாமான் கடைச் சீனர், "ஆயாம் புஞா லம்பு கா?" என்று கேட்டார். கோழிக்கான விளக்கா என்கிறார். அலமாரிக்கு அடியிலிருந்து தூசி படிந்த குண்டு பல்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதை மாட்டினோம். குஞ்சுகள் பல்புக்குக் கீழே ஒன்றாகச் சேர்ந்தன, கொஞ்ச நேரத்தில் பரவிப் படுத்தன. சத்தம் அடங்கியது. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். "ம். இப்ப சுகம்."

நான் ஈப்போ திரும்பிய மூன்றாம் நாள் கரண்ட் போனது. மூன்று வீட்டுக்கும். புயல் இல்லை, மரம் விழவில்லை. ஆள் வந்து கம்பத்தில் ஏறி வெட்டிவிட்டுப் போனான். அக்கா உங்களுக்கு ஃபோன் செய்தார். "ரெண்டு நாள்ல வந்துரும்க்கா, என்னன்னு விசாரிக்கிறேன்" என்றீர்கள். ஒன்றுமே தெரியாதவர் போல.

"பெட்டியத் தூக்கிட்டு இங்க வந்துருங்கக்கா. என் ஃப்ளாட்ல வெச்சுக்கலாம்" என்று நான் கெஞ்சினேன்.

"நான் வந்தா இது ஆள் இல்லாத வீடு. நாளைக்குக் காலையில இடிச்சிருவான். சாவி வரட்டும்."

அன்று முழுக்க மழை. வேலை முடிந்து பஸ் ஏறும்போது அழைத்தேன். ஃபோனில் அவர் குரலைவிடக் குஞ்சுகளின் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. பதினொன்றும் சேர்ந்து கத்தின. கரி அடுப்பை உள் அறைக்குக் கொண்டுவந்து பற்ற வைத்திருப்பதாகச் சொன்னார். நாய் வராமல் கதவுக்குக் கீழே சாக்கைத் திணித்திருக்கிறாராம். சன்னல் வழியாகச் சாரல் அடிக்கிறது, அதையும் சாத்திவிட்டாராம்.

"புகை வராதாக்கா?"

"கரி நல்லாப் பத்திருச்சு, புகையே இல்ல."

என் ஃப்ளாட் பக்கம் பஸ் இறங்கி மறுபடி அழைத்தேன். இந்த முறை பின்னால் சத்தமில்லை.

"அடங்கிருச்சு, புள்ள" என்றார். குரல் களைத்திருந்தது. "தலையக் கொஞ்சம் வலிக்குது. நானும் படுக்கிறேன்."

நான் நிம்மதியாக ஃபோனை வைத்தேன். ஆமாம், நிம்மதியாக. சத்தம் இல்லையென்றால் சுகம் என்று அவர்தானே எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். அந்தக் குஞ்சுகள் சூட்டில் அடங்கினவா, கரியின் விஷத்தில் அடங்கினவா, எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரிந்திருக்காது. அவருடைய காது அவரிடம் பொய் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலை, மிச்சமிருந்த வீடுகளில் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் கதவை உடைத்தார். அக்கா பாயில் பெட்டியைக் கட்டிப்பிடித்தாற்போலப் படுத்திருந்தாராம். பெட்டிக்குள்ளே ஒன்றும் அசையவில்லை.

நான்காம் நாள் மின்சார அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண்ணிடம், ஆள் இருக்கும் வீட்டில் எப்படி வெட்டினீர்கள் என்று கத்தினேன். அவள் ஒரு ஃபைலை எடுத்து என் பக்கம் திருப்பினாள். "செமுவா ரூமா கோசோங், காக்." எல்லா வீடும் காலி, அக்கா. அந்தத் தோட்டத்து வீடுகளில் யாரும் குடியில்லை, இணைப்பைத் துண்டிக்கலாம் என்று குடியிருப்பாளர் சார்பில் ஒரு கடிதம். கீழே உங்கள் கையெழுத்து, தலைவரே. அக்கா கடைசியாகக் கூடையைக் காட்டி உங்கள் ஆளைத் திருப்பி அனுப்பிய அதே வாரம் எழுதியது.

ஆள் இருந்தது உங்களுக்குத் தெரியும். உயிரோடு இருந்தவரைக் காலி என்று எழுதினீர்கள். பிறகு அதை உண்மையாக்கிக் கொடுத்தீர்கள்.

வீட்டை அந்த வாரமே இடித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் நான் போய் அந்தக் கூடையை எடுத்து வந்தேன். மணலில் ஆணியும் கரித்துண்டும் அப்படியே இருந்தன.

கோயிலை இன்னும் இடிக்கவில்லை. மண்டபமும் இருக்கிறது. அந்த மைக்கும் இருக்கிறது. நீங்கள் அக்காவுக்கு அம்மன் முன்னால் வாக்குக் கொடுத்தது அந்த மைக்கில்தான். அதே இடத்தில், அதே மைக்கைப் பிடித்து, போன குடும்பங்கள் அத்தனையையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அந்தக் கடிதத்தை எழுதியது நீங்களா, இல்லையா? எழுதச் சொன்னது யார்? சாவி எங்கே?

என்னைத் தனியாகப் பார்க்க ஆள் அனுப்பாதீர்கள். என் ஃபோனுக்கு அழைக்காதீர்கள். எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும்.

இன்றிலிருந்து இருபத்தொரு நாள் தருகிறேன். அதற்குள் பதில் வரவில்லையென்றால் மறுபடியும் இருபத்தொன்று வைப்பேன்.